ஆடி அமாவாசையும் களனிக்கரை மனுவும்

குழு: மஸ்கெலியா குடும்பம் – கொழும்பு

லெட்சுமி, காலை 6.10
அண்ணா, தம்பி, ஆடி அமாவாசை நெருங்கிவிட்டது. அப்பாவுக்கு இந்த முறையும் களனி ஆற்று முகத்துவாரத்தில்தான் தர்ப்பணமா, அல்லது ஐயரை வீட்டுக்கே அழைப்போமா என்பதை இன்றே சொல்லிவிடுங்கள்.

நிரோஷன், 6.14
முகத்துவாரம் வேண்டாம், அத்தை. போன வருடம் எள்ளும் தண்ணீரும் விட இறங்கிய இடத்தில், யாரோ கழற்றி விட்டுப் போன வேட்டி என் காலைச் சுற்றிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தால் பொலித்தீன் பைகள்.

தர்ஷினி, 6.20
நேற்று இரவு நான் இங்கே போட்ட மனுவும் அதைப் பற்றியதுதான்; ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் ஆற்றங்கரைக் குழு அதை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குக் கொடுக்கப் போகிறது. தொழிற்சாலைக் கழிவுநீர், ஆற்றில் கொட்டும் குப்பை, மணல் அகழ்வு ஆகிய மூன்றையும் எழுதியிருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

சிவலிங்கம், 6.22
மணலை ஏன் இதற்குள் இழுத்தீர்கள்?

ராஜலிங்கம், 6.41
தர்ஷினிப் பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது. களனி நமக்கு அந்நியமான ஆறு அல்ல. சிவனொளிபாதமலைக் காடுகளில் விழும் மழைதான் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்னும் சிற்றாறுகளாக இறங்கி, கித்துல்கலைக்கு மேலே ஒன்றுசேர்ந்து, கொழும்பு மக்களின் குடிநீரில் பெரும்பகுதியையும் கொடுத்துவிட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அப்பா தோட்டத்தில் வெட்டிய கான்களில் ஓடிய தண்ணீரும் இந்த ஆற்றுக்குத்தான் வந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில், வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது இன்றும் வெளியே தெரிகிறது; அப்பா அதைக் காட்டிக் கும்பிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மலையில் காடு இருந்தால்தான் மழைநீர் மண்ணில் ஊறி, மழை இல்லாத மாதங்களிலும் ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கு வரும்.

குமார், 6.43
மச்சான் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். வேன் எத்தனை பேருக்குச் சொல்வது?

ராஜலிங்கம், 6.55
முடிக்கவில்லை. தம்பி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். மணலை அள்ள அள்ள ஆற்றின் அடித்தளம் தாழ்ந்துகொண்டே போனது. மழை குறைந்து நீரோட்டம் தளரும் காலத்தில், நன்னீரைவிடக் கனமான கடல்நீர் ஆற்றின் அடியால் நுழைந்து மேல்நோக்கி ஏறுகிறது. குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் உப்புக் கலக்காமல் இருக்க, ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கித் தடுப்புக் கட்ட வேண்டி வந்தது. மணலை அள்ளியதால் வந்த வினைக்கு மணல் மூட்டையே மருந்தானதை என்னவென்று சொல்வது!

சிவலிங்கம், 7.02
அண்ணா, நீங்கள் இருக்கும் வீட்டின் மேல்மாடி, நான் கடுவெலையில் லொறி ஓட்டிய காலத்தில் கொண்டுவந்து இறக்கிய மணலில் எழுந்தது. அந்த மணலுக்கு இன்றுவரை காசு வரவில்லை என்பதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரோஷன், 7.03
அந்த மாடியில் இருந்துதான் வாசிக்கிறேன், சித்தப்பா.

ராஜலிங்கம், 7.04
கணக்கு வேறு, ஆறு வேறு.

லெட்சுமி, 7.05
காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா?

தர்ஷினி, 7.11
சின்ன மாமா, புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தோடு அளவாக அள்ளுபவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. இரவில் இயந்திரம் இறக்கிக் கரையையே உடைப்பவர்களைத்தான் சொல்கிறோம்.

குமார், 7.18
கையெழுத்து வைத்து என்ன கிடைத்தது? கொழும்புக் குப்பையை மீத்தொட்டமுல்லையில் கொட்டாதே என்று அந்தச் சனங்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள்! 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் அங்கே கொட்டுவது நின்றது.

லெட்சுமி, 7.21
அதை நினைவுபடுத்தாதீர்கள். 2016 மே மாத வெள்ளம் நின்ற கோடு வெல்லம்பிட்டி வீட்டுச் சுவரில் சாமிப் படத்துக்கு மேலே இன்னும் இருக்கிறது. எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் மழைக்காலத்தில் ஊறித் தெரிகிறது. தண்ணீர் தேங்கி நிற்க இருந்த சதுப்பையெல்லாம் நிரப்பிவிட்டால், அது வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்?

ராஜலிங்கம், 7.38
குமார், எல்லாப் போராட்டமும் அப்படி முடியவில்லை. 1970களில் கொஸ்கமை ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜக் காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள். மக்களும் விஞ்ஞானிகளும் விடாமல் எதிர்த்ததால்தான் அது நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது; 1988இல் உலக மரபுரிமையும் ஆனது. எப்பாவலையில் பொஸ்பேற்று அகழும் பெருந்திட்டத்தை எதிர்த்து அந்த ஊர்க்காரர்களே உயர் நீதிமன்றம் போய், 2000ஆம் ஆண்டில் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார்கள். இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

குமார், 7.44
சிங்கராஜத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மச்சான். மீத்தொட்டமுல்லையில் இருந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். அழகான காட்டுக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைக்கும். நாற்றமடிக்கும் ஆற்றங்கரைக்கு யார் வருவார்கள்?

ராஜலிங்கம், 7.46
அதை மறுக்க முடியாது.

தர்ஷினி, 7.48
அதனால்தான் நாங்கள் போகிறோம், அப்பா. நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

குமார், 7.49
வைக்கிறேன், வைக்கிறேன். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேள்.

நிரோஷன், 7.53
தர்ப்பணத்தை வீட்டில் தாம்பாளத்தில் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் என்ன?

லெட்சுமி, 7.56
ஆறும் கடலும் சேருகிற இடத்தில் கொடுப்பதுதான் நம் வழக்கம். போவோம், ஆனால் பொலித்தீன் பை ஒன்றும் வரக் கூடாது. எள்ளையும் தர்ப்பையையும் வாழையிலையில் கட்டுகிறேன். உடுத்திய வேட்டியை ஒருவரும் ஆற்றில் விடக் கூடாது, தோய்த்துக் காயவைத்து மறுபடி உடுத்தலாம்.

சிவலிங்கம், 8.05
மணல் பற்றிய பத்தியில் 'அனுமதியின்றி அள்ளும்' என்று இருந்தால் கையெழுத்து வைக்கிறேன். இல்லாவிட்டால் என் பெயரை விட்டுவிடுங்கள்.

தர்ஷினி, 8.09
குழுவில் கேட்டுச் சொல்கிறேன். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ராஜலிங்கம், 8.12
மனுவில் சந்திப்பிழைகள் மலிந்திருக்கின்றன. திருத்தி மாலையில் அனுப்புகிறேன்.

தர்ஷினி, 8.13
பெரிய மாமா, அதில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

லெட்சுமி, 8.20
ஐயர் மறுபடியும் அழைக்கிறார். என்ன சொல்வது?

சிவலிங்கம், 8.21
நாளை சொல்வதாகச் சொல், அக்கா.