மூடிய ஆலை நிலம்: மண் கொட்டி மரம் நடுவதா, இருப்பதைக் காப்பதா?

தரிசுநிலம் (கேள்வி):

வணக்கம். நெடுங்காலமாக மூடிக்கிடக்கும் ஓர் உலோக ஆலையின் நிலம் எங்கள் குழுவின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. காட்டுயிர்களும் பார்வையாளர்களும் வந்துபோகும் காப்பிடமாக அதை மாற்ற வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எப்படி மாற்றுவது என்பதில்தான் பிரிந்து நிற்கிறோம். பெரும்பாலானோர் சொல்லும் திட்டம் இது: கான்கிரீட் தளங்களைப் பெயர்த்து எடுப்பது, உலைக்கசடு மேட்டைச் சமப்படுத்துவது, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து இரண்டடிக்குப் பரப்புவது, அதன்மேல் நெருக்கமாக மரக்கன்றுகள் நடுவது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மேட்டின் சரிவில் மண்தேனீக்கள் துளையிட்டுக் குடியிருக்கின்றன. மழை பெய்தால் தளத்தில் தேங்கும் ஆழமற்ற நீரில் தட்டான்கள் முட்டையிடுகின்றன. சரளைப் பரப்பில் ஆள்காட்டிப் பறவைகளைப் பார்க்கிறேன். இத்தனையையும் புரட்டிப்போட்டுவிட்டு எந்த உயிரை வரவேற்கப் போகிறோம்? கூட்டத்தில் பேச உணர்ச்சி மட்டும் போதாது. மற்ற இடங்களில் நடந்ததை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

எருக்கு:

மண் லாரி உள்ளே வருவதற்கு முன் தடுத்துவிடுங்கள். நான் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருப்பவன். கைவிடப்பட்ட தொழில் நிலத்தைப் 'பசுமையாக்குகிறோம்' என்று சொல்லி, அங்கே ஏற்கெனவே இருந்த உயிர்களைப் புதைத்துவிடுவதைக் கண்டால் எனக்கு ஆற்றாமை பொங்கும்.

இங்கிலாந்தில் தேம்ஸ் கழிமுகத்தில் இருக்கும் கான்வி விக் என்ற இடத்தைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பழைய மேய்ச்சல் சதுப்பின்மீது ஆற்றில் தூர்வாரிய மணலைக் கொட்டி மேடாக்கி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டத் தொடங்கினார்கள். 1970களில் வேலை பாதியில் நின்றுபோனது. ஆலை ஒரு நாளும் இயங்கவில்லை. எண்ணெய்த் தொட்டிகளுக்காகப் போட்ட வட்டத் தளங்கள் மட்டும் மிஞ்சின. பிறகு அங்கே போய்ப் பார்த்த பூச்சியியலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். பிரிட்டனில் மிகவும் அருகிவிட்ட ஷ்ரில் கார்டர் என்ற பம்பிள்பீயும் (உடலில் அடர்ந்த மயிருள்ள தேனீ வகை) அவற்றுள் ஒன்று. 2005இல் அந்த நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதை வாங்கித் தந்தவை அந்தப் பூச்சிகள்தான்.

காரணம் மண்ணின் ஏழ்மை. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த மண்ணைக் கொட்டினால், வேகமாக வளரும் நாலைந்து முரட்டுச் செடிகள் எழுந்து மற்றவற்றை அமுக்கிவிடும். சத்தற்ற மணலிலும் சரளையிலும் எந்தச் செடிக்கும் அந்த வலிமை வராது. அதனால் பல வகைப் பூச்செடிகள் அருகருகே நிற்கின்றன. இடையிடையே வெயில் படும் வெறுந்தரை கிடைக்கிறது. மண்தேனீ கேட்பது அந்த வெறுந்தரையை. தேனுக்குப் பூ ஓரிடம், கூட்டுக்கு வெறுந்தரை இன்னோரிடம் என்று எல்லாம் அது பறந்து எட்டும் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும்.

மேட்டைச் சமப்படுத்தவும் வேண்டாம். செக் நாட்டின் சோகோலோவ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், சமன்செய்து மரம் நட்ட இடங்களையும் மண்ணை அலையலையாகக் கொட்டியபடியே விட்ட இடங்களையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஒப்பிட்டு வருகிறார்கள். விட்ட இடங்களில் அலைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் தாமாகவே குட்டைகளாயின. மேடும் பள்ளமும் வெயிலும் நிழலுமாக அங்கே இருக்கும் வேறுபாட்டைப் புல்டோசர் ஒரே நாளில் அழித்துவிடும். குறைந்தது ஓர் ஆண்டு, எல்லாப் பருவத்திலும் கணக்கெடுப்பு நடத்துங்கள். அதுவரை ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.

மண்கண்டம்:

எருக்கு சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 'உலோக ஆலை' என்பதை அவர் தாண்டிப் போய்விட்டார். மண்ணில் சிந்திய எண்ணெயை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் தின்றுவிடும். ஈயமும் காட்மியமும் அப்படிச் சிதையமாட்டா. மண் அமிலமாக இருந்தால் அவை நீரில் கரைந்து குட்டைக்கும் கிணற்றுக்கும் போகும். காய்ந்தால் தூசியாகப் பறக்கும். தரையில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைத்தாலே போதும். எனவே பூச்சிக் கணக்கெடுப்போடு கட்டம் கட்டமாக மண் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். உலோகம் மிகுந்த இடம் எது, இல்லாத இடம் எது என்று வரைபடம் கைக்கு வந்தால் உங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையை இயற்கைப் பூங்காவாக வடிவமைத்த பீட்டர் லாட்ஸ் இதைத்தான் செய்தார். மிக மோசமான மண்ணை அங்கேயே இருந்த பழைய கான்கிரீட் கிடங்குகளுக்குள் வைத்து மூடினார்கள். மற்ற இடங்களில் கசடின்மேல் தானாக முளைத்ததை விட்டுவைத்தார்கள். சாக்கடையாக ஓடிய எம்ஷர் வாய்க்காலின் கழிவுநீரைக் குழாயில் நிலத்தடியில் அனுப்பிவிட்டு, மேலே மழைநீரை ஓடவிட்டார்கள்.

தடித்த மூடாக்கு தேவைப்படும் இடமும் உண்டு. நியூயார்க்கில் 1948 முதல் 2001 வரை குப்பை கொட்டிய ஃப்ரெஷ்கில்ஸ் மேடுகளைப் பிளாஸ்டிக் விரிப்பும் மண்ணும் போட்டு மூடி, மீத்தேனைக் குழாய்வழி எடுக்கிறார்கள். இன்று அது பெரும் புல்வெளி. அருகிவரும் புல்வெளிச் சிட்டுகள் அங்கே கூடு கட்டுகின்றன. நஞ்சு மிகுந்த பகுதியைப் புல்லால் மூட நேர்ந்தால், உலோகத்தைத் தாங்கும் புல் வகைகளைத் தேடுங்கள். பழைய சுரங்கக் கழிவு மேடுகளில் அத்தகைய புற்கள் இயல்பாகவே தேர்ந்து வளர்ந்திருப்பதை பிரிட்டனின் சூழலியலாளர் டோனி பிராட்ஷா கண்டறிந்தார்; அவற்றிலிருந்து வணிக விதைகளே வந்தன.

நடுவதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. கென்யாவில் மொம்பாசா அருகே சிமென்ட் ஆலை தோண்டிப்போட்ட பவளப்பாறைக் குழியில் ஒன்றும் முளைக்கவில்லை. ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர் 1971இல் தொடங்கிப் பல மரங்களை நட்டுப் பார்த்தார். வேரூன்றி நின்றவை மிகச் சிலவே, அவற்றுள் சவுக்கு முதன்மை. அதன் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்தது. ஆனால் உதிர்ந்த ஊசிகள் மக்காமல் கிடந்தன. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே மக்கு உருவாகி மண் பிறந்தது. உங்கள் நிலத்தில் உயிர் ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கே அந்த வைத்தியம் வேண்டாம்.

தரிசுநிலம்:

இருவருக்கும் நன்றி. மண் சோதனையை முதல் தீர்மானமாக வைக்கிறேன். பார்வையாளர்களை என்ன செய்வது? வேலி போட்டு விலக்கினால் மக்களுக்கு இந்த நிலத்தின்மேல் பற்றே வராது என்று பயப்படுகிறேன்.

எருக்கு:

விலக்க வேண்டாம், நடக்கும் தடத்தை மட்டும் தீர்மானியுங்கள். பெர்லினில் 1952இல் ஓய்ந்த ஒரு ரயில் யார்டை, அங்கே மீண்டும் யார்டு வரக்கூடாது என்று மக்களே போராடிக் காத்தார்கள். சூட்கெலெண்டே இயற்கைப் பூங்கா என்று 2000இல் திறந்தது. மிகவும் மென்மையான பகுதியில் தரைக்கு மேலே உயர்த்திய இரும்பு நடைபாதை செல்கிறது. எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்க்கலாம், ஒன்றையும் மிதிக்க முடியாது. மண்கண்டம் சொல்லும் தூசிக்கும் அதுவே பாதுகாப்பு.

இன்னொன்றையும் இப்போதே வரவுசெலவில் சேருங்கள். அப்படியே விட்டால் திறந்தவெளி புதராகி, புதர் காடாகிவிடும். உங்கள் தேனீக்களும் ஆள்காட்டிகளும் போய்விடும். பெர்லினில் திறந்தவெளிகளைப் புல்லறுத்தும் ஆடு மேய்த்தும் காக்கிறார்கள். மேட்டின் சரிவில் ஆண்டுதோறும் ஒரு பட்டையை மட்டும் சுரண்டி வெறுந்தரையாக்குங்கள், அடுத்த ஆண்டு பக்கத்துப் பட்டை. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் இதற்குக் கிடைக்காது. ஆகவே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.