புதுப்பிப்பு: கார் இல்லாமல், குறைந்த செலவில் செயின்ட் டேவிட்ஸ்

வேல்ஸின் இந்தச் சின்ன நகரத்தில் அதிகம் செலவில்லாமல் என்ன பார்க்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயில், அங்கிருந்து டி11 பஸ். பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காணிக்கை நம் விருப்பம். அது பள்ளத்தில் கட்டப்பட்டிருப்பதால் வாயில் கோபுரத்தை நெருங்கும் வரை கண்ணில் படவே இல்லை! உள்ளே தரை சரிவாக இருப்பதும் எதிர்பாராதது. பக்கத்திலுள்ள ஆயர் மாளிகையின் இடிபாடுகளுக்கு டிக்கெட் உண்டு. வெளியிலிருந்தே நன்றாகத் தெரிகிறது; எங்களுக்கு அது போதும்.

மிகவும் பயன்பட்டது, "படகுச் சவாரியை விடுங்கள், கடலோரப் பாதையில் நடங்கள்" என்ற யோசனைதான். மொத்தம் 186 மைல் நீளும் பெம்புரோக்‌ஷயர் பாதையில், கேர்ஃபாய் கடற்கரையிலிருந்து செயின்ட் நொன் ஊற்று வழியாகப் போர்த்கிளைஸ் துறைமுகம் வரை நடந்து ஊருக்குத் திரும்பினோம். வழியில் ஊதாநிறப் பாறைகள்; பேராலயத்தின் கல்லும் இந்தக் கரையோரத்தில் வெட்டியதுதான். செலவு, தேநீருக்கு மட்டும்.

யாரும் சொல்லாத ஒன்று: கடல் ஓதம் (நீர்மட்டம்) ஏறினால் கேர்ஃபாயில் மணலே மிஞ்சாது. ஓத நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். குழந்தைகளோடு போனால் செங்குத்தான பாறை விளிம்புகளில் தடுப்பு இருக்கும் என்று நம்ப வேண்டாம். மழை வந்தால் ஓரியல் இ பார்க் கலைக்கூடம் இருக்கிறது, அதுவும் இலவசம்.