விவசாய உபயோக நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற நகர்மன்றத் தீர்மானம்: எந்தக் கட்டத்தில் என்ன கேட்பது?

தென்கரைவாசி (கேள்வி):

வணக்கம். எங்கள் நகராட்சி பெருநகரை ஒட்டியது. திட்டமிடலுக்கு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஏரியின் தென்கரையில் உள்ள 9 ஏக்கர், முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) விவசாய உபயோகம். அதைக் குடியிருப்பாக மாற்றச் சம்மதிக்கும் தீர்மானம் அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு வருகிறது என்கிறார்கள். ஆளுங்கட்சிக்கு மன்றத்தில் நல்ல பெரும்பான்மை. எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் வெளிநடப்பு, அப்புறம் ஆர்ப்பாட்டம் என்று திட்டம் வைத்திருக்கிறார்கள்.

அந்த நிலத்துக்குப் போக இருப்பது ஒரே ஒரு 20 அடி சாலை. கிழக்கு ஓரத்தில் ஏரியின் வரத்து வாய்க்கால். வீடே வரக்கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சாலை, தண்ணீர், வாய்க்கால் மூன்றுக்கும் வழி செய்துவிட்டு வரட்டும் என்பதுதான் கோரிக்கை. தீர்மானம் நிறைவேறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? யாரிடம், எப்போது, எதைக் கேட்க வேண்டும்?

புலப்படம்:

தீர்மானத்தோடு முடிந்துவிடாது. நில உபயோகத்தை மாற்றும் அதிகாரம் நகர்மன்றத்துக்கு இல்லை, அது பரிந்துரைக்கத்தான் செய்கிறது. மாற்றம் நடப்பது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின் கீழ். கோப்பு நகராட்சியிலிருந்து மாவட்ட அலுவலகம் போய், அங்கிருந்து மேலே போகும். இடையில் நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். உபயோகம் மாறிய பிறகு மனைப்பிரிவுக்கு (லேஅவுட்) தனி விண்ணப்பம், தனிக் கோப்பு. ஆக, வாய்ப்பு மூன்று: மன்றக் கூட்டம், ஆட்சேபணைக் காலம், மனைப்பிரிவு ஒப்புதல். பலரும் முதலாவதில் சத்தம் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வேலை, சர்வே எண்களை உட்பிரிவோடு கையில் எடுப்பது. நாளிதழ் அறிவிப்பு சின்ன எழுத்தில், கிராமப் பெயரும் சர்வே எண்ணுமாகத்தான் வரும். "ஏரிக்கரை நிலம்" என்று தேடினால் கண்ணில் படாது. எண் தெரிந்தால் இணையத்தில் பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்), அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) மூன்றையும் எடுக்கலாம். வாய்க்கால் தனி உட்பிரிவாக இருக்கிறதா, அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தில் வாய்க்கால் இருந்து, மனை போடும் புரமோட்டர் கொடுத்த வரைபடத்தில் அதே இடம் "உத்தேச சாலை" என்று இருந்தால், உங்கள் ஆட்சேபணைக்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம். இரண்டையும் ஒரே அளவில் பிரதி எடுத்து அருகருகே ஒட்டி, சிவப்பு மையில் குறித்து இணையுங்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. மன்றப் பொருளின் (கூட்ட நிரலில் வரும் விவாதப் பொருள்) நகல், நகரமைப்பு ஆய்வாளரின் தல ஆய்வு அறிக்கை, நீர்வளத் துறைக்கும் வேளாண் துறைக்கும் போன கடிதங்கள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

மன்றப்பொருள்:

வெளிநடப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது உங்கள் ஊர் எதிர்க்கட்சிக்கு மட்டும் இல்லை, எல்லாக் கட்சிக்கும்தான். வெளிநடப்பு செய்தால் செய்தித்தாளில் படம் வரும். மினிட் புத்தகத்தில் "மன்றம் ஏற்றது" என்று மட்டும் ஏறும். மாவட்ட அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது ஒருமனதான தீர்மானம். அறைக்குள்ளேயே இருந்து எதிர்த்தால்தான் எதிர்ப்பு கோப்போடு பயணம் செய்யும்.

கூட்டம் நடக்கிற விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அறுபது எழுபது பொருள் இருக்கும். தெருவிளக்கு, மோட்டார் பழுது, ஒப்பந்தப்புள்ளி நடுவே இதுவும் ஒன்றாக வரும். "1 முதல் 65 வரை" என்று மொத்தமாக வாசித்து மேசையைத் தட்டி முடித்துவிடுவார்கள். சில சமயம் முன்கூட்டியே அனுப்பிய நிரலில் இருக்காது, கூட்டத்தன்று டேபிள் அஜெண்டாவாக வைப்பார்கள். அதனால் உங்கள் வார்டு கவுன்சிலர் செய்ய வேண்டியது, இந்தப் பொருளைத் தனியாக எடுக்கும்படி கூட்டம் தொடங்கியதும் தலைவரிடம் கேட்பது. பிறகு எழுத்தில் இப்படிக் கொடுக்கலாம்:

"பொருள் எண் ..., சர்வே எண் ... குறித்து: அணுகுசாலை 6 மீட்டர் மட்டுமே உள்ளது. வரத்து வாய்க்காலின் எல்லை அளந்து குறிக்கப்படவில்லை. குடிநீர் ஆதாரம் காட்டப்படவில்லை. இவை தீரும்வரை இப்பொருளை ஒத்திவைக்கக் கோருகிறேன். ஒத்திவைக்காத நிலையில் என் எதிர்ப்பைத் தீர்மானத்தில் பதிவு செய்யவும்."

இரண்டு பிரதி. ஒன்றில் ஆணையர் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருக்கும்போது எதிர்க்கட்சியை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தப் பொருள் வரும், எது தள்ளிப்போகும் என்பது பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே கட்சி மட்டத்தில் பேசி முடிவாகும். ஆகவே ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர், நகரச் செயலாளர் இருவரையும் தெருப் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். "உங்கள் கட்சி தவறு செய்கிறது" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். "இந்த 20 அடி சாலையில் பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்தால் நிற்கிறது, தேர்தலில் இந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரப்போவது நீங்கள்தான்" என்று சொன்னால் காதில் ஏறும். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்த மன்றங்களுக்கு ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. பதவிக் காலத்தின் கடைசி மாதங்களில் இப்படிப்பட்ட பொருள்கள் குவியும், அதே மாதங்களில்தான் கவுன்சிலர்கள் தெருவின் பேச்சுக்கும் அதிகம் காது கொடுப்பார்கள்.

பகுதி சபையையும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) விடாதீர்கள். 2022 நவம்பர் 1-ல் பம்மலில் முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நினைவிருக்கும், அதே ஏற்பாடுதான். அதன் முடிவு நகர்மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வருகைப் பதிவோடு எழுதப்பட்ட பகுதி சபைத் தீர்மானம், நூறு கையெழுத்து மனுவைவிட மேலே எடுபடும்.

அரைகிரவுண்ட்:

மேலே சொன்னதெல்லாம் சரி. கையில் எண் இல்லாமல் போனால் "வளர்ச்சிக்கு எதிரானவர்கள்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். கணக்கைப் போட்டுவிடுவோம்.

9 ஏக்கர் என்றால் சுமார் 36,400 சதுர மீட்டர். உள் சாலைகளுக்குக் கால் பங்கு போனால் மீதி 27,300. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலை நீங்கலான பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக (பூங்கா போன்ற பொது இடம்) நிலமாகவே தானம் கொடுக்க வேண்டும், பணமாகக் கட்ட முடியாது. இங்கே அது 2,730 சதுர மீட்டர், ஏறக்குறைய 67 சென்ட். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. 3,000-க்குக் கீழே எதுவுமே கிடையாது.

தில்லுமுல்லு நடப்பதும் இந்த வரம்புகளில்தான். ஒரே நிலத்தை மூன்று நான்கு பேர் பெயரில் பிரித்து, ஒவ்வொன்றும் 10,000-க்குள் வரும்படி தனித்தனி மனைப்பிரிவாகப் போடுவார்கள். சாலைகள் மட்டும் ஒன்றோடொன்று அழகாக இணையும். வில்லங்கச் சான்று போட்டு, பொது அதிகாரம் (பவர் ஆஃப் அட்டர்னி) ஒரே ஆளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மொத்தத்தையும் ஒரே மனைப்பிரிவாகக் கருதக் கோரி எழுதுங்கள்.

மீதி இடத்தில் சராசரி 1,200 சதுர அடி என்று வைத்தாலே 200 மனை வரும். மனைக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,600 பேர். தலைக்கு 135 லிட்டர் வீதம் நாளுக்கு 2.16 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும், அதாவது 1.7 லட்சம் லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத பகுதி என்றால் இது எங்கே போகும்? சரிவு ஏரிப் பக்கம் இருந்தால் பதில் உங்கள் வாய்க்கால்தான். ஆட்சேபணைக் கடிதத்தில் இந்தக் கணக்கை அப்படியே எழுதி, "நகராட்சியின் தற்போதைய நாள் விநியோகம் எவ்வளவு, இதில் எவ்வளவு ஒதுக்க முடியும்" என்று கேளுங்கள்.

திறந்தவெளி ஒதுக்கீடு எங்கே காட்டப்படுகிறது என்பதிலும் கண் வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே, பள்ளத்தில், வாய்க்கால் ஓரத்து நீள்துண்டாக ஒதுக்குவது பழைய வழக்கம். எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது.

தென்கரைவாசி:

மூவருக்கும் நன்றி. ஆளுங்கட்சிக் கவுன்சிலரையே போய்ப் பார்த்தோம். எதிர்த்து ஓட்டுப் போட முடியாது, வேண்டுமானால் "சாலை வசதி செய்துதர வேண்டும்" என்று நிபந்தனை சேர்க்கச் சொல்கிறேன் என்றார். ஒத்துக்கொள்ளலாமா?

மன்றப்பொருள்:

ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வாசகத்தோடு இல்லை. "சாலை வசதி" என்றால் ஜல்லி கொட்டினாலும் வசதிதான். அளவும், பொறுப்பும், எது முதலில் என்பதும் வரியில் இருக்க வேண்டும். உதாரணமாக: "சர்வே எண் ... முதல் பிரதான சாலை வரை 9 மீட்டர் அகலத்துக்குத் தேவையான நிலம் நகராட்சி பெயரில் தானப் பத்திரமாகப் பதிவான பின்னரே மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் வழங்கப்படும்." வாய்க்காலுக்கும் இப்படியே: "நில அளவையர் அளந்து கல் நட்ட பின்னரே". இடைப்பட்ட நிலம் மற்றவர்கள் பட்டாவில் இருந்தால் 9 மீட்டர் எப்படி வரும் என்பதைப் புரமோட்டர்தான் பேசித் தீர்க்க வேண்டும், அந்தச் சுமையை நகராட்சித் தலையில் ஏற்ற இடம் கொடுக்காதீர்கள்.

புலப்படம்:

ஒரு சேர்க்கை. தீர்மானத்தில் ஏறிய நிபந்தனை, மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் முகப்புக் கடிதத்தில் "மன்றம் பரிந்துரைத்துள்ளது" என்று ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுவது உண்டு. கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, மாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். நாளிதழ் அறிவிப்பு வந்ததும் ஆட்சேபணைக் கடிதத்தோடு அதே நகலை மறுபடி இணையுங்கள். தானப் பத்திரம் பதிவான பிறகு சாலைக்கும் திறந்தவெளிக்கும் நகராட்சி பெயரில் பட்டா மாறிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பட்டா மாறாத பூங்கா இடம் நான்கைந்து வருடத்தில் மறுபடி மனையாக விற்பனைக்கு வந்துவிடும்.