டேசிட் நாலெட்ஜ்: ‘தோய்வறிவு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

அறிவு மேலாண்மை பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘டேசிட் நாலெட்ஜ்’ (tacit knowledge), அதாவது சொல்லிலோ எழுத்திலோ எளிதில் அடங்காத அறிவு, வந்ததும் தமிழ்ச்சொல் கிடைக்காமல் கை நின்றுவிட்டது. ‘மறைமுக அறிவு’ என்றால் மறைமுக வரிதான் நினைவுக்கு வருகிறது. ‘உள்ளுறை அறிவு’ அழகுதான். ஆனால் உள்ளுறைக்கு ஓர் உரை எழுதினால் பொருள் வெளியே வந்துவிடும். இந்தக் கருத்தை முன்வைத்த தத்துவ அறிஞர் மைக்கேல் போலன்யி 1966-இல் சொன்னது வேறு: நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம். ‘பட்டறிவு’ ஏற்கெனவே அனுபவத்துக்குப் போய்விட்டது.

முன்பு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். பத்துப் பேர், ஒரே அறை. வாடிக்கையாளர் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினால் பதறமாட்டோம். ‘சரி, நன்றி’ என்று முடித்துக்கொண்டால்தான் உடனே ஃபோனை எடுப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அப்புறம் வேறொரு நாட்டில் கிளை திறந்தோம். செய்முறை எல்லாம் விக்கியில் (நிறுவனத்துக்குள் எல்லாரும் படிக்கும் குறிப்புத் தளத்தில்) ஏற்றியாயிற்று. புதியவர்கள் ‘சரி, நன்றி’யைப் பார்த்து, தீர்ந்தது என்று புகாரை மூடினார்கள். வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார். சரி என்று அதையும் விக்கியில் எழுதினோம். அந்த நாட்டு வாடிக்கையாளர்களோ மகிழ்ச்சியாக இருந்தாலும் இரண்டே சொல்தான் எழுதுவார்கள்! தேவையில்லாமல் ஃபோன் செய்து எரிச்சலூட்டியதுதான் மிச்சம்.

ஆக, அந்த அறிவு எங்கள் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை. அந்தச் சூழலின் பண்பாட்டோடு ஒட்டிக்கிடந்தது. கல்வியில் தோய்ந்தவர் என்கிறோமே, அங்கிருந்து ‘தோய்வறிவு’ என்று எடுத்தேன். எழுதிவைக்கக்கூடியது ‘பதிவறிவு’. இரண்டும் ஜோடியாகவும் ஒலிக்கின்றன.

ஜப்பானிய மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நொனாகா எழுதிய ரொட்டி இயந்திரக் கதைக்கும் இது பொருந்துகிறது. 1980களில் மட்சுஷிதா நிறுவனத்தின் இயந்திரம் மாவைச் சரியாகப் பிசையவில்லை. மென்பொருள் பிரிவுப் பெண் ஒருவர் ஒசாகா ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பழகினார். அந்தக் கலைஞர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதை அந்தப் பெண் கவனித்தார். பழகிய கட்டம் தோய்வு. அந்த முறுக்கலை இயந்திர வடிவமைப்பில் கொண்டுவந்தது பதிவு. இதையே ‘மறைமுக அறிவு’ போட்டு எழுதிப் பாருங்கள், ரொட்டிக்காரர் ஏதோ ரகசியம் காத்தது போல ஆகிவிடும்.

எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பானால் ‘தொய்வறிவு’! ‘ஊறறிவு’ என்றும் சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.