உப்பு சர்க்கரைக் கரைசல்: லிட்டருக்கு உப்பு அரை டீஸ்பூனா, முக்காலா?

தராசு_முள் | காலை 7.10
வாட்ஸ்அப்பில் அந்தப் படம் மறுபடி கிளம்பிவிட்டது. "வயிற்றுப்போக்கா? ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, பத்து நிமிடத்தில் நிற்கும்." இதை அனுப்புகிற புண்ணியவான்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம். டம்ளர் 200 மில்லி. அப்படியானால் லிட்டருக்கு 30 கிராம், சோடியம் 510 மில்லிமோலுக்கு மேல் (மில்லிமோல் என்பது கரைந்த பொருளை எண்ணும் அலகு; கீழே வரும் சோடியம் எண்களெல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பதுதான்). கடல் தண்ணீரிலேயே சோடியம் 470 பக்கம்தான். குழந்தைக்குக் கடலை விடக் கரிக்கும் தண்ணீரைக் கொடுக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145க்குள் இருக்க வேண்டியது. இதைக் குடித்தால் அது 160ஐத் தாண்டக்கூடும், மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியேறும், வலிப்பு வரலாம்.

சரியான அளவு: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வார்டு_7 | காலை 7.48
கடல் கணக்கு சரி. உங்கள் அரை டீஸ்பூன்தான் இடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் மாற்றிய ஓஆர்எஸ் பொட்டலக் கலவையில் (கடையில் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது) லிட்டருக்குச் சோடியம் குளோரைடு, அதாவது சாதா உப்பு, 2.6 கிராம். அதைப் பார்த்துவிட்டு "அரை டீஸ்பூன் கிட்டத்தட்ட அதுதானே" என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். 2.6 கிராமில் கிடைப்பது 45 மில்லிமோல் சோடியம்தான். மீதி 30 எங்கிருந்து வருகிறது? அதே பொட்டலத்தில் இருக்கும் இன்னொரு சோடியம் உப்பான டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராமிலிருந்து. இரண்டும் சேர்ந்துதான் 75. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சிட்ரேட் கிடையாது, அந்தச் சுமையையும் உப்பே சுமக்க வேண்டும். முக்கால் டீஸ்பூன் போட்டால் நாலரை கிராம், 77 மில்லிமோல். உங்கள் அரையில் வருவது 51. மூன்றில் ஒரு பங்கு குறைவு.

தராசு_முள் | காலை 8.05
வந்துவிட்டார்கள் மேடம். மோர் பற்றிய பழைய இழையில் நம் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

"தலை தட்டிய" என்று எழுதியிருக்கிறேன். படித்தீர்களா? வீட்டில் எவர் கத்தி வைத்துத் தலை தட்டுகிறார்? குவித்துத்தான் போடுவார்கள். குவித்தால் குறைந்தது ஒன்றரை மடங்கு. அரை என்று சொன்னால், குவித்துப் போட்டாலும் 77இல் நிற்கும், குழந்தை தப்பிக்கும். முக்கால் என்று சொல்லி, குவித்தால் 115. 1975இன் பழைய கலவையிலேயே 90தான், அதையே அதிகம் என்று குறைத்தார்கள். தண்ணீரும் லிட்டருக்குப் பதில் முக்கால் லிட்டரானால் 150ஐத் தாண்டிவிடும். பிழையையும் சேர்த்துப் போடுவதுதான் கணக்கு. தாளில் மட்டும் சரியாக வருவது கணக்கில்லை.

வார்டு_7 | காலை 8.31
ஆக, மக்கள் தப்பாகப் போடுவார்கள் என்று நீங்களே தப்பான அளவைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஒழுங்காகத் தலை தட்டுகிறவருக்கு 51. காலராவில் போகும் நீரில் லிட்டருக்கு 90க்கு மேல் சோடியம் போகிறது. 51 ஊற்றினால் சோடியம் இறங்கும். அதுவும் மூளையைத்தான் பிடிக்கும், வீக்கமாக.

உப்பளத்தான் | காலை 8.40
அண்ணே, என்ன உப்புன்னு ரெண்டு பேரும் பேசவே இல்லியே? தூத்துக்குடிக் கல்லுப்பை ஸ்பூன்ல அள்ளுனா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காத்துதான் இருக்கும். தூள் உப்பு அளவுக்கு எடை நிக்காது. ஈர உப்புன்னா அது வேற கணக்கு. கல்லுப்புல தலை தட்டவே முடியாது, கத்தி வச்சா கல்லு தெறிக்கும்.

தராசு_முள் | காலை 8.52
அதனால்தான் தூள் உப்பு என்று எழுதியது. கல்லுப்பு மட்டும் இருந்தால் அம்மியில் நுணுக்கிவிட்டு அள்ளுங்கள். ஸ்பூனையும் நம்பாதீர்கள். வீட்டு டீஸ்பூன்கள் ஒன்றுபோல ஒன்று 5 மில்லி இருக்காது. சிரப் பாட்டிலோடு வரும் மூடியில் 2.5 மில்லி கோடு இருக்கும். அதைக் கழுவித் துடைத்து (ஈரம் இருந்தால் உப்பு ஒட்டிக்கொள்ளும்), அந்தக் கோடு வரை தூள் உப்பு போட்டு லேசாகத் தட்டி மட்டம் பாருங்கள். 3 கிராம். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில். டம்ளர் வேண்டாம், வீட்டுக்கு வீடு 150இலிருந்து 250 வரை இருக்கும்.

வார்டு_7 | காலை 9.03
மூடியில் கோடு போட்டு அளக்கத் தெரிந்தவர் எப்படிக் குவிப்பார்? உங்கள் "குவித்தால்" வாதம் இங்கேயே படுத்துவிட்டது. மூடி உள்ளவருக்கு முக்கால் சொல்லுங்கள். இல்லை, சிட்ரேட்டின் 30க்குப் பதில் சொல்லுங்கள்.

ஒற்றெழுத்து | காலை 9.10
இடையில் ஒரு சொல். டீஸ்பூன் என்பதற்குத் தேக்கரண்டி என்ற நல்ல தமிழ் இருக்கிறது. மேசைக்கரண்டி 15 மில்லி. வெறும் "ஸ்பூன்" என்று எழுதுவதால்தான் மூன்று மடங்கு உப்பு விழுகிறது.

உப்பளத்தான் | காலை 9.14
தேக்கரண்டின்னு சொன்னா எங்க ஊர்ல தேங்காய்க் கரண்டியான்னு கேப்பாங்க.

ஒற்றெழுத்து | காலை 9.16
அது உங்கள் ஊரின் குறை.

கஞ்சித்தண்ணி | காலை 9.35
சர்க்கரையை யாருமே தொடவில்லை. வயிற்றுப்போக்கின்போது உப்பு தனியாகக் குடல் சுவரைத் தாண்டி உடம்புக்குள் நன்றாக ஏறாது. குளுக்கோஸ் ஒன்று கையைப் பிடித்தால்தான் சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். 1960இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் பிராக் நகரில் சொன்ன விஷயம் இதுதான். நாம் போடுவது சாதாரணச் சர்க்கரை. அதைக் குடல் உடைத்தால்தான் பாதி குளுக்கோஸாகும். 6 டீஸ்பூன் 25 கிராம், உடைந்தால் 73 மில்லிமோல் குளுக்கோஸ், மீதிப் பாதி 73 பிரக்டோஸ் என்ற வேறு சர்க்கரை. பிரக்டோஸால் சோடியத்துக்கு உதவி கிடையாது, அடர்த்தி மட்டும் ஏறும். ரோட்டா வைரஸ் குடலின் மேல்தோலை அரித்திருந்தால் சர்க்கரையை உடைக்கிற நொதியும் குறைந்திருக்கும். இன்னும் நாலு ஸ்பூன் தாராளமாகப் போட்டால் போக்கு கூடத்தான் செய்யும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியில் இந்தத் தொல்லை இல்லை, மாவு மெதுவாகத்தான் உடையும். வேலூரில் 2000இலேயே காட்டிவிட்டார்கள்.

தராசு_முள் | காலை 9.50
வேலூர் ஆய்வைக் கஞ்சிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் காலரா நோயாளிகளிடம் பார்த்ததில் ஜெயித்தது லிட்டருக்கு 50 கிராம் மக்காச்சோள மாவு. அதுவும் எளிதில் செரிக்காத வகை. அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே புளித்து, அங்கேயும் சோடியத்தை உள்ளே இழுக்க வைத்தது. அரிசி மாவு அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்குக் கொடுத்தது. கஞ்சி கெட்டது என்று சொல்லவில்லை, காலராவில் அரிசிக் கரைசல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கஞ்சிக்கு உப்பு எவ்வளவு? "ருசிக்கேற்ப" என்றுதானே எழுதுவீர்கள்! கடைசியில் அதற்கும் லிட்டருக்குத் தலை தட்டிய அரை.

வார்டு_7 | காலை 9.58
முக்கால்.

நடுவாசல் | காலை 10.20
ஒரு கேள்வி. யாருக்கு, என்ன நோய்க்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டு அளவு பேசினால் என்ன? ரோட்டாவில் போகும் நீரில் சோடியம் 40 பக்கம், காலராவில் 90க்கு மேல். எட்டு மாதக் குழந்தையும் ஐம்பது வயதுக்காரரும் ஒன்றா? பொட்டாசியம் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை. பொட்டலத்தில் பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் இருக்கிறது.

உப்பளத்தான் | காலை 10.26
பொட்டாசியத்துக்கு இளநீர் இருக்குல்ல. அப்புறம் இந்துப்பு போட்டா எல்லாக் கனிமமும் வந்துரும். 84 இருக்குதாம்.

தராசு_முள் | காலை 10.34
இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. அதனால் துணைக்கு வைக்கலாம், கரைசலுக்குப் பதிலாக வைக்க முடியாது. இந்துப்பில் மிகப் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். மீதியில் எத்தனை பெயர் எழுதினாலும் அரை டீஸ்பூனில் கிடைப்பது துளியூண்டு. உப்பளத்தில் பெயர் வைத்துக்கொண்டு மலை உப்புக்கு வக்காலத்தா?

உப்பளத்தான் | காலை 10.37
பேர் வச்சது என் இஷ்டம். ஈயம் பூசுன மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்னு பேசுறது உங்க வழக்கம். "துணைக்கு வைக்கலாம்"னா வைக்கலாமா கூடாதா?

வார்டு_7 | காலை 10.49
பேச்சை மாற்றியாயிற்று. மூன்றாவது முறை கேட்கிறேன்: சிட்ரேட் தந்த 30 மில்லிமோல் உங்கள் கலவையில் எங்கே?

தராசு_முள் | காலை 11.15
மூன்றாவது முறை சொல்கிறேன்: வேண்டுமென்றே விட்டது. வீட்டுக் கரைசல் உடம்பு வற்றாமல் காக்கத்தான், வற்றிப்போன பிறகு சிகிச்சைக்கு அல்ல. வற்றியிருந்தால் பொட்டலம். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பினால், கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் பொட்டலக் கரைசல் போக வேண்டும். குடிக்கவே முடியாமல் சோர்ந்து கிடந்தால் ஆஸ்பத்திரி. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் கரைத்துக் கொடுத்ததும் எடை போட்டுக் கட்டிய பொட்டலங்களைத்தான். ஸ்பூனால் அள்ளவில்லை. சாவு நூற்றுக்கு 30 பக்கம் இருந்தது 4க்குக் கீழே வந்தது.

கஞ்சித்தண்ணி | பகல் 12.02
வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 1980களில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தது எதை? மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். ஸ்பூனும் இல்லை, பொட்டலமும் இல்லை. வெல்லத்தில் கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு. விரலால் முடிந்ததை நீங்கள் இருவரும் மூடியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள்.

தராசு_முள் | பகல் 12.20
முழுசாகச் சொல்லுங்கள். அந்தத் தாய்மார்கள் கலக்கிய கரைசலில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளமே, தாய் எவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான். சிட்டிகைக்குப் பின்னால் அவ்வளவு காவல் இருந்தது. வாட்ஸ்அப் சிட்டிகைக்கு யார் காவல்? முதல் பதிவிலிருந்து அதைத்தான் சொல்கிறேன். தலை தட்டி, அரை.

வார்டு_7 | பகல் 12.41
பொட்டலம் என்று ஓடி ஒளிந்ததற்கு நன்றி. அங்கேயும் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதைப் பிரித்து டம்ளரில் பாதி கொட்டி, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார்கள். உள்ளே உப்பும் குளுக்கோஸும் ஒரே சீராக நிற்காது, பாதி எடுத்தால் எது எவ்வளவு வரும் என்று உங்கள் தராசுக்கே தெரியாது. கடைகளில் அட்டைப் பெட்டியில் ஓஆர்எஸ் பெயரோடு வந்த சர்க்கரைப் பானங்கள் வேறு. 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. இத்தனையும் தாண்டி பொட்டலம் கிடைக்காத வீட்டுக்குத்தான் முக்கால் டீஸ்பூன் என்கிறேன்.

நடுவாசல் | பகல் 12.55
கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. போகட்டும், துத்தநாகத்தையாவது சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 10 முதல் 14 நாள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தொடர வேண்டும்.

ஒற்றெழுத்து | பகல் 12.57
கரண்டி கரண்டியாக.

தராசு_முள் | பகல் 1.10
துத்தநாகம் சரி, யாரும் மறுக்கவில்லை. வார்டு மேடத்துக்குக் கடைசியாக: முக்காலைக் குவித்தால் 115. இந்த ஒரு எண்ணுக்கு இதுவரை பதில் இல்லை.

வார்டு_7 | பகல் 1.14
தலை தட்டிய அரையில் 51. இந்த ஒரு எண்ணுக்கும்தான்.

உப்பளத்தான் | பகல் 1.22
இந்துப்பு கேள்வி அப்படியே கிடக்கு.