மறு: பிரீலோடுக்குச் சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அன்புடையீர்,
கேம் கன்சோல் ஒன்றின் மெனு வரிகளைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். டவுன்லோடுக்குப் பதிவிறக்கம் போட்டுவிட்டேன்; தரவிறக்கக் கட்சியினர் இந்த ஒரு வாரம் பொறுத்தருள்க. சிக்கல் பிரீலோடுதான். வெளியீட்டு நாளுக்கு முன்பே கேம் இறங்கிவிடும், ஆனால் குறித்த நேரம் வரை திறக்காது. பொத்தானில் 15 எழுத்துக்குத்தான் இடம்.
- மொ.

லோடு என்றால் ஏற்றம். முன் + ஏற்றம். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்'. இதில் என்ன சிக்கல்?
- நா.

ஐயா, விதி சரி. முன்னேற்றம் என்றல்லவா வந்து நிற்கிறது! எத்தனை விழுக்காடு இறங்கியது என்று காட்டும் பட்டைக்கும் அதே பெயர்தான். 'முன்னேற்றத்தின் முன்னேற்றம் 40%' என்று திரையில் வரும்.
- மொ.

முன்னால் இறங்குவது பெரிய சங்கதியில்லை, பூட்டியபடி இறங்குவதுதான் சங்கதி. கோப்புகள் மறையாக்கத்தில் (என்கிரிப்ஷன்) வரும். வெளியீட்டு நேரத்தில்தான் திறவி கிடைக்கும். டிஜிட்டலில் நாம் வாங்குவதே கேமை அல்ல, கணக்கோடு சேர்ந்த உரிமத்தை. 2025-இல் வந்த நிண்டெண்டோ கன்சோல் ஸ்விட்ச் 2-இன் கேம்-கீ கார்டைப் பாருங்கள். கார்டில் கேமே கிடையாது. கேம் நெட்டில் இறங்கும், ஆனாலும் ஆடும்போதெல்லாம் கார்டு செருகியிருக்க வேண்டும். ஆகவே பூட்டிறக்கம்.
- செ.

அது என்ன தொகை? பூட்டோடு இறக்குவதா, பூட்டை இறக்குவதா? படிப்பவர் இரண்டாவதைத்தான் எடுப்பார், பொருள் தலைகீழாகிவிடும். பூட்டுக்குத் தாழ் என்று நல்ல சொல் இருக்கிறதே. அது கோலோடு புணரும்போது இடையில் அக்குச் சாரியை வந்து தாழக்கோல் ஆவதற்குத் தொல்காப்பியத்தில் தனி நூற்பாவே உண்டு. தாழிறக்கம் எனலாம்.
- நா.

தாழ்வும் இறக்கமும் சேர்ந்தால் பங்குச்சந்தைச் செய்தி. கேம் ஆடும் பிள்ளைகள் 'பிரீலோடு போட்டாச்சா' என்றுதான் கேட்கிறார்கள். அப்படியே விட்டால் என்ன?
- இரா.

அப்படியே விடுவதற்கு இந்தக் குழு எதற்கு? முன்பதிவிறக்கம். 9 எழுத்து, யாருக்கும் புரியும்.
- கோ.

புரியும், வேறாகப் புரியும். பக்கத்துப் பொத்தானே முன்பதிவு. பணம் கட்டுவதா, கோப்பை இறக்குவதா என்று அவசரத்தில் தெரியாது.
- செ.

சரி, வியாழன் இரவாகிவிட்டது. கோ. சொன்ன முன்பதிவிறக்கத்தையே அனுப்புகிறேன். செ. சொன்ன குழப்பத்துக்காக, பக்கத்துப் பொத்தானை 'முன்கூட்டி வாங்கு' என்று மாற்றிவிட்டேன்.
- மொ.

உரிமத்தைத்தான் தருகிறார்கள் என்று அத்தனை சொல்லியும் 'வாங்கு' என்றே போட்டிருக்கிறீர்கள்.
- செ.

என் மறுப்பையும் குறித்துக்கொள்க. அடுத்த பதிப்பில் தாழிறக்கம்.
- நா.

குறித்துக்கொண்டேன் ஐயா. அப்புறம், முழுதும் இறங்கும் முன்பே ஆடத் தொடங்கும் வசதிக்குச் சொல் கேட்கப்போவதில்லை. 'இப்போதே ஆடலாம்' என்று எழுதிவிட்டேன்.
- மொ.