ஃபான்டி அகமது அயாக்ஸை மறுத்தது சரியா?

தோபாயோ கயல்:

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. சிங்கப்பூர்க் கால்பந்து ஆட்டக்காரர் ஃபான்டி அகமதைப் பற்றித்தான். அப்பாவின் முன் அவரைக் குறை சொன்னால் குலதெய்வத்தைக் குறை சொன்னது போல ஆகிவிடும். ஆனாலும் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

1982இல் ஃபான்டிக்கு வயது 20. ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் கழகத்தோடு பயிற்சி செய்தார். மூன்று ஆண்டு ஒப்பந்தம் தர அவர்கள் முன்வந்தார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தோனேசியாவில் சுராபாயா நகரின் நியாக் மித்ரா கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு மறுபடியும் நெதர்லாந்துக்குத்தான் போனார், ஆனால் குரோனிங்கன் கழகத்துக்கு. அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு இந்தப் பக்கமே திரும்பிவிட்டார்.

தென்கிழக்காசியா பெற்றெடுத்த மிகச் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். அவருடைய இருபதாம் வயதில் நடந்தது ஒரு பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். பாசம் அதிகமாக இருப்பதால் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோம்.

ஈசூன்வாசி:

கயல், உங்கள் அப்பா வயதுதான் எனக்கும் இருக்கும். அவர் கோபத்தில் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் ஆடிய போட்டி மலேசியக் கிண்ணம். அதன் 1980 இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2-1 என்று வென்றோம். அந்த ஆட்டத்தில் கோல் போட்டபோது ஃபான்டி இருபதைக்கூடத் தொடாத பிள்ளை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பெட்டிக்காரர் அடிக்கடி அதன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோல் விழுந்ததும் அவரே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அதன் பிறகு வர்ணனை யார் காதிலும் விழவில்லை.

அடுத்த ஆண்டோடு சிங்கப்பூர் அந்தப் போட்டியிலிருந்து வெளியேறிவிட்டது. 1985 வரை திரும்பவில்லை. பத்தொன்பது, இருபது வயதில் ஆட வேண்டிய பிள்ளைக்குச் சொந்த ஊரில் பெரிய போட்டியே இல்லை. வெளியே போயே தீர வேண்டும் என்ற நிலையில், பேச்சு புரிகிற, சாப்பாடு ஒத்துப்போகிற ஊருக்கு முதலில் போனார். நம் கோல் காவலர் டேவிட் லீயும் அதே கழகத்தில் சேர்ந்தார். வீட்டு ஏக்கம் ஒரு மனிதனை எப்படி அரிக்கும் என்பது, இருபது வயதில் ஊரை விட்டுப் போனவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அன்றைய அயாக்ஸ் எப்படிப்பட்ட அணி? யோஹான் கிரைஃப் திரும்பி வந்து ஆடிக்கொண்டிருந்தார். விம் கீஃப்ட் ஐரோப்பாவிலேயே அதிக கோல் போட்டு அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வாங்கியவர். பதினேழு வயது மார்க்கோ வான் பாஸ்டன் அப்போதுதான் முதல் அணிக்குள் கால் வைத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குள் நம் பிள்ளைக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும்?

தோபாயோ கயல்:

ஐயா, நீங்கள் சொல்லும் அதே பெயர்களைத்தான் நானும் காரணமாகச் சொல்வேன். கிரைஃபோடு ஒரே மைதானத்தில் ஓராண்டு பயிற்சி செய்வது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆட இடம் கிடைக்காவிட்டாலும் கற்றது கையில் இருந்திருக்கும். இருபது வயதில் கற்றுக்கொள்ளத்தானே போகிறோம்?

வீட்டு ஏக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் தாய்லாந்தின் வித்தயா லாவ்ஹகுல் ஜெர்மனியில் ஹெர்த்தா பெர்லினிலும் சார்புருக்கனிலும் ஆடிக்கொண்டிருந்தாரே. அவருக்கும் அங்கே மொழியும் தெரியாது, சோறும் கிடைத்திருக்காது. நின்றார். நம் பகுதி ஆட்டக்காரரால் நிற்க முடியும் என்பதற்கு அப்போதே ஆள் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்:

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஐரோப்பாவில் ஆடினால்தான் வாழ்க்கை, இங்கே ஆடினால் வீண் என்று யார் தீர்மானித்தது?

நான் கோலாலம்பூரில் வளர்ந்தவன். 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எங்கள் கோலாலம்பூர் அணி மலேசியக் கிண்ணத்தை வென்றது. மூன்று இறுதியாட்டத்திலும் எதிரே நின்றது கெடா. ஃபான்டியும் இன்னொரு சிங்கப்பூர் ஆட்டக்காரரான மாலெக் அவாபும் எங்கள் அணியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர் என்று அவரை ஒரு நாளும் நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. பள்ளி முடிந்து கால்வாய் ஓரத் திடலில் ஆடும்போது "நான்தான் ஃபான்டி" என்று முதலில் கத்துகிறவனுக்குத்தான் அந்தப் பெயர். மலாய்ப் பையன், சீனப் பையன், நாங்கள், எல்லோரும் அந்தப் பெயருக்குச் சண்டை போட்டிருக்கிறோம். பிறகு 1992இல் அவர் பகாங் மாநில அணியில் இருந்தபோது லீக்கும் கிண்ணமும் சேர்ந்தே பகாங்குக்குப் போயின. போன இடமெல்லாம் கிண்ணத்தை வென்று கொடுத்த மனிதரைப் பார்த்து "இழப்பு" என்கிறீர்கள்.

தாய்லாந்துக்காரரைச் சொன்னீர்களே, அவர் நடுக்கள ஆட்டக்காரர். கோல் போட வேண்டியவன் மேல் விழும் சுமையே வேறு. அவருக்குப் பின்னால் வந்த தாக்குதல் ஆட்டக்காரர்களைப் பாருங்கள். தாய்லாந்தின் கியாத்திசுக் 1999இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். வியட்நாமின் லே கோங் வின் 2009இல் போர்ச்சுகலுக்குப் போய்ச் சில மாதங்களில் வந்துவிட்டார். தாய்லாந்தின் தீரசில் 2014இல் ஸ்பெயினின் அல்மேரியாவுக்குப் போனார், ஒரு பருவம் முழுதாக அங்கே இருக்கவில்லை. கைப்பேசியும் மலிவு விமானமும் வந்த பிறகும் இதுதான் நிலை. 1983இல் தனியாகப் போய், ஒரு பருவம் முழுக்க நின்று ஆடி, பத்து கோல் போட்டவரைக் கைகூப்பிப் பாராட்டாமல் தராசில் வைக்கிறீர்கள்.

கோல்கணக்கு:

மூவரும் ஒரே ஆண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் வேறு ஆண்டைக் கேட்கிறேன்.

சுராபாயாவுக்குப் போனது வீண் போகவில்லை. நியாக் மித்ரா அந்தப் பருவத்தில் இந்தோனேசியாவின் கலத்தமா லீக்கை வென்றது. 1983 ஜூனில் சுற்றுப்பயணம் வந்த இங்கிலாந்தின் ஆர்சனலை அதே கழகம் 2-0 என்று தோற்கடித்தது. அந்த இரண்டில் ஒன்று ஃபான்டி போட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கூடாது என்று இந்தோனேசியாவில் முடிவெடுத்ததால்தான் அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தது.

குரோனிங்கனுக்கு வந்தார். அக்டோபர் 1983. ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூஃபா கிண்ணத்தின் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் அத்லெட்டிக்கோ மாட்ரிடை வெளியேற்றிவிட்டு வந்த குரோனிங்கனுக்கு எதிரே இன்டர் மிலான். முந்தைய ஆண்டு இத்தாலிக்காக உலகக் கிண்ணம் வென்ற பெர்கோமியும் அல்டோபெல்லியும் இருந்த கழகம். சொந்த மைதானத்தில் குரோனிங்கன் 2-0 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஃபான்டியின் கோல். இத்தாலியில் நடந்த மறு ஆட்டத்தில் 5-1 என்று தோற்று வெளியேறினார்கள், அது வேறு கதை. அந்தப் பருவம் முடிந்தபோது அவருக்கு 22 வயது. ரசிகர்களின் செல்லப்பிள்ளை.

ஆக, 1982இல் மூடிய கதவு 1983இல் திறந்துவிட்டது. அயாக்ஸை விட்டதால் அவர் எதையும் இழக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி 1985. இரண்டாம் பருவத்தில் காயம், அணியில் இடம் போயிற்று, ஒப்பந்தம் முடிந்தது, 23 வயதில் திரும்பிவிட்டார். தாக்குதல் ஆட்டக்காரனுக்கு 23 என்பது தொடங்குகிற வயது. அப்போது ஏன் இன்னொரு கழகம் தேடித் தரப்படவில்லை? அவருக்காகப் பேச யார் இருந்தார்கள்? என் வருத்தம் அந்த ஆண்டின் மேல்தான்.

தோபாயோ கயல்:

இதை ஏற்கிறேன். நான் ஆண்டைத் தவறாகப் பிடித்திருக்கிறேன். அயாக்ஸ் என்ற பெயரின் கனம் என்னை இழுத்துவிட்டது.

ஆனால் இது என் வாதத்தைப் பலப்படுத்துகிறது. நல்ல பருவம் ஒன்று, கெட்ட பருவம் ஒன்று, அதற்குள் எல்லாம் முடிந்தது. ஒரு கெட்ட பருவத்தைப் பொறுத்துக்கொள்ள அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணா, அவர் வென்ற கிண்ணங்களை நான் குறைக்கவில்லை. 24 வயதிலிருந்து 27 வயது வரை இன்னும் கடினமான தடுப்பு ஆட்டக்காரர்களுக்கு எதிராக அவர் ஆடியிருந்தால், அந்த அனுபவம் தேசிய அணிக்கும் வந்திருக்கும். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 1983, 1985, 1989 என மூன்று முறை வெள்ளி. ஒரு தங்கம்கூட இல்லை. சிங்கப்பூருக்காக 101 ஆட்டங்களில் 55 கோல் போட்டவருக்கு ஒரு தங்கம் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்:

தங்கம் ஒருவர் காலில் இல்லை, தங்கையே. பதினொரு பேர் வேண்டும்.

வேறு கழகம் தேடித் தரவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊருக்கு வந்ததை "முடிந்தது" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஈசூன்வாசி:

சிங்கப்பூர் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தியை யாரும் சொல்லவில்லையே என்று காத்திருந்தேன். நம் தமிழ்ப் பிள்ளை, அவரும் 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் வரை போய்த் திரும்பியவர். 1993இல் அவரும் ஃபான்டியும் ஒரே அணியில் ஆடினார்கள். அப்போது சிங்கப்பூர் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் கிடந்தது. புருணைக்கு எதிராக சுந்தரம் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த கோலை காலாங் மைதானத்தில் நேரில் பார்த்தேன். பந்து வலையில் விழுந்த பிறகும் ஒரு நொடி யாரும் கத்தவில்லை. எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. அந்த ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை போய்க் கெடாவிடம் தோற்றோம்.

1994 டிசம்பர் 17. மலேசியாவின் ஷா ஆலம் மைதானத்தில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். அதிகாலையில் பஸ் பிடித்தோம். மலேசியாவுக்குப் போகும் ஜோகூர்ப் பாலத்திலேயே பல மணி நேரம், முன்னும் பின்னும் சிங்கப்பூர் பஸ்கள். என் மனைவி எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்திருந்தார். பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவரும் முன் இருக்கை மலாய்க் குடும்பமும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். பகாங்கை 4-0 என்று வென்றோம். நம் அணியின் அப்பாஸ் சாட் மூன்று கோல். அந்தப் பருவத்தில் மட்டும் 26 கோல் போட்ட ஃபான்டி, அணித்தலைவராக, 32 வயதில் கிண்ணத்தைத் தூக்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே பகாங்குக்கு ஆடிக் கிண்ணம் வாங்கித் தந்தவர், இப்போது அதைத் தன் ஊருக்கு எடுத்து வந்தார்.

1985இல் அவர் ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் இந்த நாள் வந்திருக்குமா? எனக்குத் தெரியாது, கயல். வந்திருக்காது என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நான் சுயநலமாகப் பேசுகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கோல்கணக்கு:

சுயநலம் இல்லை ஐயா. ஆனால் நம் மகிழ்ச்சி ஒரு கணக்கு, அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது இன்னொரு கணக்கு. அவருடைய மகன் இக்சானை இருபது வயதில் நார்வேயில் ஆட வைத்தபோது, அந்த இரண்டாம் கணக்கைச் சிலராவது பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தோபாயோ கயல்:

என் கருத்தில் நான் நிற்கிறேன், ஆனால் 1985க்கு மாறி நிற்கிறேன்.

அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். இன்டருக்கு எதிரான கோல் பகுதி வந்ததும் எழுந்து போய், அலமாரியின் மேல் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே மஞ்சளேறிய செய்தித்தாள் துண்டு ஒன்று, மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கோலை மறுநாள் தாளில்தான் அறிந்தாராம். அதற்கு அடியில் ஷா ஆலம் டிக்கெட். இதை முப்பது ஆண்டுகளாக எனக்குக் காட்டியதே இல்லை.

ஈசூன்வாசி ஐயா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். அன்று உங்கள் பஸ் வழியில் யோங் பெங்கில் நின்றதா?

ஈசூன்வாசி:

நின்றது. போகும்போதும் நின்றது, விடியற்காலையில் திரும்பும்போதும் நின்றது. திரும்பும்போது தேநீர்க்கடைக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை. அப்பா அந்தக் கடையில் இருந்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.